நாள்பட்ட உள்மூலம்: ரப்பர் வளையமா, லேசரா, ஆபரேஷனா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

தக்கலை வண்டிக்காரன்
பிப்ரவரி 4, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. வடசேரி சந்தையில் வாழைக்குலை ஏற்றி, திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் இறக்கும் வண்டி ஓட்டுகிறேன். அதிகாலை இரண்டு மணிக்குக் கிளம்பினால் சீட்டை விட்டு இறங்க விடிந்துவிடும்.

ஒன்பது வருடமாக உள்மூலம். ஆரம்பத்தில் கழுவும்போது கையில் லேசாகச் சிவப்பு தெரியும், நாலு நாளில் நின்றுவிடும். கருணைக்கிழங்கு லேகியம், துத்தி இலை, களிம்பு என்று ஓட்டினேன். இரண்டு வருடமாக முளை வெளியே வருகிறது. முன்பு தானாக உள்ளே போய்விடும், இப்போது விரலால் தள்ளினால்தான் போகிறது. வலி அதிகம் இல்லை. ஆனால் கழிந்த மாதம் ஒருநாள் கக்கூஸ் பீங்கான் முழுக்கச் சிவந்துபோய், எழுந்தபோது தலை சுற்றிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்று இடத்தில் காட்டியாகிவிட்டது. ஒரு டாக்டர் "மூன்றாம் நிலை, ரப்பர் வளையம் போட்டுப் பார்க்கலாம்" என்றார். இன்னொரு இடத்தில் டாக்டரைப் பார்க்கும் முன்பே ஒரு பெண் உட்காரவைத்து "லேசர் செய்தால் நாளைக்கே வண்டி ஓட்டலாம்" என்று பேக்கேஜ் தொகையைச் சொன்னார். அறுபதாயிரத்துக்கு மேல். மூன்றாமவர் "அறுத்து எடுத்தால்தான் திரும்ப வராது" என்கிறார். யார் சொல்வதை எடுப்பது? வீட்டில் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். வெளியே சொல்லவும் கூச்சமாக இருக்கிறது, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.


தூத்தூர் கடல்
பிப்ரவரி 4, இரவு 11.05

அண்ணே, கூச்சப்படாதீங்க. எங்கள் ஊரில் பத்து பேரை நிறுத்தினால் நாலு பேருக்கு இந்தக் கதை இருக்கும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆழ்கடலுக்குப் போனால் இருபது நாள், முப்பது நாள். தண்ணீர் டேங்கில் அளந்து குடிப்போம். வெளிக்குப் போக படகின் ஓரத்தில் கயிற்றைப் பிடித்துத் தொங்கவேண்டும். அலை அடிக்கும்போது யார் போவார்கள்? அடக்கி அடக்கி கல்லாகிவிடும். எனக்கு அப்படி வந்ததுதான்.

இரண்டு தடவை வளையம் போட்டேன். முதல் தடவை செய்த தப்பை மட்டும் சொல்கிறேன். வளையம் போட்ட அன்று வலியே இல்லை. நர்ஸ் "இரண்டு வாரம் கரையில் இருங்கள்" என்று சொல்லியும் ஆறாம் நாள் படகு ஏறிவிட்டேன். ஒன்பதாம் நாள் நடுக்கடலில் ரத்தம். கைலி நனைந்து, படகில் இருந்தவர்கள் பயந்துபோனார்கள். ஒரு நாள் முழுக்கப் படுத்தே கிடந்தேன். அதுவாக நின்றது, கடவுள் புண்ணியம். நிற்காமல் போயிருந்தால் கரைக்கு வர மூன்று நாள்.

இரண்டாம் தடவை ஜூன் மாதம் தடைக்காலத்தில் போட்டேன். படகெல்லாம் கட்டிக்கிடக்கும் இரண்டு மாதம், அவசரமே இல்லை. இப்போது நாலு வருடமாகத் தொந்தரவு இல்லை.


மார்த்தாண்டம் அக்கா
பிப்ரவரி 5, காலை 6.40

தம்பி, நான் டாக்டர் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் அறுவைப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள். ஆசனவாய்க்கு உள்ளே பார்க்கும் குழாயான புரோக்டோஸ்கோப்பை ஆயிரக்கணக்கான தடவை எடுத்துக் கொடுத்த கை இது. அந்த உரிமையில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உங்களிடம் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னதால் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தம் இல்லை. மூன்றாம் நிலையில் மூன்று வழியும் இருக்கிறது. முதலில் உங்கள் மூலம் எந்த நிலை என்பது உங்களுக்கே புரிய வேண்டும். ரத்தம் மட்டும் வந்து, எதுவும் வெளியே வராவிட்டால் முதல் நிலை. முக்கும்போது வெளியே வந்து தானாக உள்ளே போனால் இரண்டு. விரலால் தள்ளவேண்டி வந்தால் மூன்று. தள்ளியும் போகாமல் வெளியிலேயே நின்றால் நாலு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்த டாக்டர் சொன்ன கணக்கு சரிதான்.

அடுத்து, வலி ஏன் இல்லை என்பதைச் சொல்கிறேன். ஆசனவாய்க்கு உள்ளே இரண்டு சென்டிமீட்டர் அளவில் ஒரு கோடு மாதிரி எல்லை உண்டு, டென்டேட் லைன் என்பார்கள். அதற்கு மேலே உள்ள சவ்வுக்குத் தொட்டால் அறுத்தால் தெரிகிற வலி உணர்வு கிடையாது. கீழே உள்ளது நம் விரல் நுனி மாதிரி, ஊசி பட்டாலே துடிக்கும். உள்மூலம் கோட்டுக்கு மேலே முளைக்கிறது. மயக்கமருந்து இல்லாமல் ஓபியிலேயே வளையம் போட முடிவது அதனால்தான். வெளிக்கு இருக்கும்போது கண்ணாடி கீறுவது மாதிரி வலித்தால் அது பெரும்பாலும் மூலம் இல்லை, ஆசனவாய் வெடிப்பு. சீழ் கசிந்துகொண்டே இருந்தால் பவுத்திரம். மூன்றையும் "மூலம்" என்றே சொல்லி, ஒரே களிம்பைப் போடும் ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வளையம் போடுவது எப்படி என்றால், இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றுப் பக்கம் மடக்கச் சொல்வோம். ஜெல்லி தடவிய குழாய் உள்ளே போகும். விளக்கு வெளிச்சத்தில் முளை, பழுத்த நாவல்பழத் தோல் மாதிரி கருஞ்சிவப்பாகத் தெரியும். கருவியின் நுனியில் சின்னக் கறுப்பு வளையம் விரித்து ஏற்றியிருக்கும். முளையின் அடியை இழுத்தோ உறிஞ்சியோ கருவிக்குள் கொண்டுவந்து விசையை அமுக்கினால் "டக்" என்று ஒரு சத்தம், வளையம் கழுத்தில் விழுந்துவிடும். ரத்த ஓட்டம் நின்று முளை வாடி, ஐந்து முதல் பத்து நாளில் உதிரும். உதிர்ந்த இடத்தில் உண்டாகும் தழும்பு மற்றதை மேலே பிடித்து வைக்கும். உதிர்வதே பலருக்குத் தெரியாது. தூத்தூர் தம்பிக்கு ஒன்பதாம் நாள் வந்த ரத்தம் அந்தப் புண்ணில் இருந்து வந்தது.

போட்ட உடனே கூர்மையாக வலித்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். வளையம் கோட்டுக்குக் கீழே விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த மேஜையிலேயே சொன்னால் வெட்டி எடுத்துவிட்டு மேலே போடுவார்கள். வெளிக்கு வருவது மாதிரி கனமாக இருப்பது மட்டும் இயல்பு. அதற்காக உட்கார்ந்து முக்காதீர்கள், ஒன்றும் வராது. காய்ச்சல் வந்து, வலி கூடிக்கொண்டே போய், சிறுநீர் போகச் சிரமமானால் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் ஆபத்து.

இதய நோய்க்கு ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு வளையம் பெரும்பாலும் சரிப்படாது.


பேச்சிப்பாறை பால்வெட்டு
பிப்ரவரி 5, பகல் 1.15

நான் அறுத்து எடுத்தவன். நாலாம் நிலை, வேறு வழி இல்லை என்றார்கள். ரப்பர் மரம் இலை உதிர்க்கும் காலத்தில் எனக்குப் பால்வெட்டு வேலை இருக்காது, அந்த ஒரு மாதத்தைப் பார்த்துச் செய்தேன். முதுகில் ஊசி போட்டார்கள், அறுக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. முதல் வாரம் கஷ்டம்தான், அதை மறைக்க மாட்டேன். வெளிக்குப் போகவே பயம். சருவத்தில் இளஞ்சூடாக வெந்நீர் ஊற்றி தினம் மூன்று தடவை உட்கார்வேன், அந்தப் பத்து நிமிடம்தான் சொர்க்கம். நாலாவது வாரம் மரத்துக்குப் போனேன். ஏழு வருடம் ஆகிறது, திரும்ப வரவில்லை.

ஆனால் முக்கியமாகச் சொல்ல வந்தது என் மாமாவைப் பற்றி. சுவரில் "ஆபரேஷன் இல்லாமல் ஒரே ஊசியில் மூலம் குணம்" என்று எழுதிப் போட்டிருந்த ஒரு இடத்துக்குப் போனார். என்ன மருந்து என்று சொல்லவில்லை, சீட்டும் தரவில்லை. ஊசி போட்ட இடம் மூன்றாம் நாள் கறுத்து அழுகியது. பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை அறுவை செய்தும் வழி சுருங்கிப்போய், இப்போதும் அடிக்கடி போய் விரித்துவிட்டு வருகிறார். நல்ல மனிதர், கூச்சம் ஒன்றுதான் அவரை அங்கே கொண்டுபோனது. வளையமோ லேசரோ எதுவும் செய்யுங்கள் அண்ணே, சீட்டில் என்ன செய்தோம் என்று எழுதித் தருகிற டாக்டரிடம் செய்யுங்கள்.


இரணியல் சர்ஜரி
பிப்ரவரி 5, இரவு 9.30

நான் சென்னையில் அறுவை மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறேன், சொந்த ஊர் இரணியல். அக்கா சொன்னதெல்லாம் சரி. ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதை மட்டும் சேர்க்கிறேன்.

ஊசி சிகிச்சை என்பதே மோசம் என்று நினைக்கவேண்டாம். முறையான ஊசி வேறு. பாதாம் எண்ணெயில் 5 சதவீத ஃபீனால் கலந்து முளைக்கு மேலே சவ்வுக்கு அடியில் போடுவது நூறாண்டுப் பழக்கம். இப்போது பாலிடோகனால் என்ற மருந்தின் நுரையும் வந்திருக்கிறது. முதல், இரண்டாம் நிலைக்கு ரத்தத்தை நிறுத்த நல்லது. ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதைத்தான் யோசிப்போம். ஆழம் தவறினால் ஆண்களுக்குப் புராஸ்டேட் பக்கம் தொற்று வரலாம், அதனால் பழகிய கை வேண்டும். இன்ஃப்ராரெட் கதிரால் ஒன்றிரண்டு விநாடி சுட்டு உறையவைப்பதும் உண்டு, அதுவும் சின்ன முளைக்குத்தான். அண்ணனுடைய மூன்றாம் நிலைக்கு இவை இரண்டும் காணாது.

வளையம் 1963இல் பாரன் என்பவர் எளிதாக்கிய முறை. அறுபது வருடமாகியும் ஓபியில் முதல் இடம் அதற்குத்தான். குறை என்னவென்றால் திரும்ப வரலாம். பிரிட்டனில் இரண்டாம், மூன்றாம் நிலைக்காரர்களை வைத்து ஒரு ஆய்வு நடத்தி 2016இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். ஒரு பக்கம் வளையம். மறுபக்கம் டாப்ளர் கருவியால் ரத்தக்குழாயைத் தேடிப்பிடித்துத் தையல் போட்டு அடைப்பது. இந்த இரண்டாவது முறையை 1995இல் ஜப்பானில் மோரினாகா கொண்டுவந்தார். ஒரு வருடத்தில் வளையம் போட்டவர்களில் 49 சதவீதம் பேருக்குத் தொந்தரவு திரும்பியது, தையல் போட்டவர்களில் 30 சதவீதம். ஆனால் இரண்டாவது தடவை வளையம் போட்டுக்கொண்டதையும் அதே சிகிச்சையின் தொடர்ச்சியாக எண்ணினால் வித்தியாசம் சுருங்கிவிட்டது. வலியும் செலவும் வளையத்தில் குறைவு. அதாவது வளையம் என்பது ஒரே தடவை வேலை இல்லை. நாலு முதல் ஆறு வாரம் இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை போகத் தயாராக இருங்கள்.

ஸ்டேப்ளர் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் கேட்பார்கள். 1998இல் இத்தாலியில் லாங்கோ அறிமுகப்படுத்தியபோது பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. முளையை அறுக்காமல் அதற்கு மேலே ஒரு வளையமாகச் சவ்வை வெட்டி, மேலே தூக்கித் தைத்துவிடும். முதல் சில வாரம் வலி குறைவுதான். அதையும் பழைய அறுவையையும் 777 பேரிடம் ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வும் 2016இல்தான் வந்தது. இரண்டு வருடம் போனபிறகு பழைய அறுவை செய்தவர்களே நன்றாக இருந்தார்கள், செலவும் அதில்தான் குறைவு.


தக்கலை வண்டிக்காரன்
பிப்ரவரி 5, இரவு 10.50

எல்லோருக்கும் நன்றி. ஒன்பது வருடத்தில் யாரும் எனக்கு இப்படி உட்காரவைத்துச் சொல்லவில்லை. லேசரைப் பற்றித் தெளிவாகச் சொல்லுங்கள் டாக்டர் தம்பி. அடுத்த நாளே வண்டி ஓட்டலாம் என்பது உண்மையா?


இரணியல் சர்ஜரி
பிப்ரவரி 6, காலை 7.10

அண்ணா, லேசர் என்ற பெயரில் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, ஊசி மாதிரி மெல்லிய ஃபைபரை முளைக்குள் நுழைத்து, பெரும்பாலும் 1470 நானோமீட்டர் டயோடு லேசரால் உள்ளிருந்தே சூடாக்கிச் சுருங்கவைப்பது. வெட்டுக் கிடையாது. இன்னொன்று, கத்திக்குப் பதில் லேசரால் முளையை அறுத்து எடுப்பது. அது பழைய அறுவையேதான், புண்ணும் அதே புண்தான். எது செய்யப்போகிறீர்கள் என்று நேரடியாகக் கேளுங்கள்.

முதல் வகை இரண்டாம், மூன்றாம் நிலைக்கு நல்ல வழி. அறுவையை விட வலி குறைவு, வேலைக்கு சீக்கிரம் திரும்பலாம். ஆனால் திரும்ப வரும் வாய்ப்பு அறுவையை விடக் கூடுதல். மயக்க மருந்தோ முதுகு ஊசியோ தேவைப்படும். முதுகு ஊசி போட்ட மறுநாள் அதிகாலை இரண்டு மணிக்கு கனரக வண்டி ஓட்ட நான் சம்மதிக்க மாட்டேன். பலர் சில நாளிலேயே நடமாடுகிறார்கள், ஆனால் நாலு மணிநேரம் இருக்கையில் குலுங்குவது வேறு.

பேக்கேஜ் தொகையை டாக்டர் பார்ப்பதற்கு முன்பே சொல்லும் இடத்தில் மட்டும் நிதானமாக இருங்கள். குழாய் விட்டுப் பார்க்காமல் சிகிச்சையை முடிவு செய்ய முடியாது.


கருங்கல் டீச்சர்
பிப்ரவரி 6, மாலை 5.45

லேசர் செய்துகொண்டவள் என்ற முறையில் ஒரு வார்த்தை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வந்தது. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே தினமும் அழுவேன். இரண்டு தடவை வளையம் போட்டும் ஒரு முளை மட்டும் விடவில்லை. திருவனந்தபுரத்தில் லேசர் செய்தேன், நாலாம் நாள் வகுப்பில் நின்றேன். மூன்று வருடமாக நிம்மதி. என் அனுபவத்தில் லேசர் வீண்செலவு இல்லை. வளையம் முதலில், அதற்குப் பிறகு லேசர் என்று படிப்படியாக வந்ததில் எனக்கு வருத்தமும் இல்லை.

பெண்களுக்காகச் சொல்கிறேன். கர்ப்பத்தில் வருவது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு அடங்கிவிடும், அந்தச் சமயத்தில் மலத்தை இளக்கி வைத்தாலே போதும் என்று என் டாக்டர் சொன்னார். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பதில் தப்பு இல்லை. நான் கேட்டேன், கூட நர்ஸும் இருந்தார், ஒரு போர்வையால் மூடித்தான் பார்த்தார்கள். பயந்த அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.


கோட்டாறு மூலிகை
பிப்ரவரி 6, இரவு 8.20

நான் ஆயுர்வேதம் படிக்கிறேன். இங்கே யாரும் க்ஷாரசூத்திரத்தைச் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். சுசுருதர் மூலத்துக்கு நாலு வழி சொல்கிறார்: மருந்து, க்ஷாரம் எனும் காரம், நெருப்பு, கத்தி. நூலில் கள்ளிப்பால், நாயுருவிக் காரம், மஞ்சள் இவற்றை 21 பூச்சு ஏற்றிக் காயவைப்பது க்ஷாரசூத்திரம். கள்ளிப்பால் மட்டும் 11 தடவை, கள்ளிப்பாலோடு காரம் 7 தடவை, கள்ளிப்பாலோடு மஞ்சள் 3 தடவை. அதால் முளையின் அடியைக் கட்டினால் வாடி உதிரும். யோசித்துப் பார்த்தால் ரப்பர் வளையமும் இந்தக் கட்டும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை. கோட்டாறு அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி நம் ஊரிலேயே இருக்கிறது, நேரில் போய்க் கேட்கலாம்.


இரணியல் சர்ஜரி
பிப்ரவரி 6, இரவு 9.05

கோட்டாறு நண்பருக்கு: மதிப்போடு சொல்கிறேன். க்ஷாரசூத்திரத்துக்குப் பலமான ஆதாரம் பவுத்திரத்தில் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலே ஆய்வு செய்து 1991இல் வெளியிட்டிருக்கிறது. ஆறுவதற்கு நாள் கூடுதலாகப் பிடித்தாலும் திரும்ப வருவது அறுவையை விடக் குறைவாக இருந்தது. மூலத்துக்கு அந்த அளவு ஆதாரத்தை நான் பார்த்ததில்லை. காரம் ஏற்றிய நூல் என்பதால் வலியும் உண்டு. மூன்றாம் நிலையில் ரத்தம் போய்த் தலைசுற்றும் ஒருவருக்கு முதலில் வளையத்தைத்தான் சொல்வேன்.


கோட்டாறு மூலிகை
பிப்ரவரி 6, இரவு 9.40

பவுத்திரத்தில் பேர் வாங்கியது உண்மைதான். மூலத்துக்கும் எங்கள் துறையில் செய்கிறார்கள், ஆனால் எல்லோருக்கும் இல்லை, ஆளைப் பார்த்துத்தான். அண்ணன் எங்கே போனாலும் பட்டம் பெற்றவரிடம் போகவேண்டும் என்பதில் இரண்டு பேரும் ஒன்றுதான்.


மார்த்தாண்டம் அக்கா
பிப்ரவரி 7, காலை 6.15

சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. எந்தச் சிகிச்சை எடுத்தாலும் மலம் இறுகினால் முளை திரும்ப வரும். நம் ஊர்ச் சாப்பாட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் போதும் என்று இருந்துவிடுகிறோம். மரச்சீனியை விலக்கச் சொல்லவில்லை, கூட ஒரு கைப்பிடி பயறோ, வாழைத்தண்டுத் துவரனோ, முருங்கையிலையோ இருக்கவேண்டும். நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார் என்பது டாக்டர்கள் சொல்லும் கணக்கு. பாளையங்கோட்டன் வாழைப்பழம் ராத்திரி இரண்டு சாப்பிடுவது நம் அம்மாக்கள் கண்ட வழி, அதை விடாதீர்கள். அது போதாவிட்டால் இசப்கோல் என்ற நார்ப்பொடி. ஆனால் தண்ணீர் குடிக்காமல் இசப்கோல் சாப்பிட்டால் இன்னும் இறுகும்.

தம்பி, நீங்கள் வண்டியில் இருக்கும்போது வெளிக்கு வந்தால் அடக்குகிறீர்களா? களியக்காவிளையிலோ பாறசாலையிலோ நிறுத்திப் போய்விட்டு வாருங்கள். கக்கூஸில் போனைக் கொண்டுபோகாதீர்கள். அஞ்சு நிமிடத்தில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள், முக்கிக்கொண்டு உட்கார்ந்தால் ரத்தமெல்லாம் அங்கேதான் இறங்கும்.

இன்னொன்று. களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து அதுவே அரிப்புக்குக் காரணமாகும். வருடக்கணக்கில் போட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.


திங்கள்நகர் பையன்
பிப்ரவரி 9, இரவு 11.30

அவசரம். வயது 24. நேற்று ஜிம்மில் எடை தூக்கியபிறகு ஆசனவாய் ஓரத்தில் கொல்லாங்கொட்டை (முந்திரிக்கொட்டை) அளவு நீலமாகக் கட்டி. உட்காரவே முடியவில்லை. இதுவும் வளையமா?


இரணியல் சர்ஜரி
பிப்ரவரி 9, இரவு 11.42

தம்பி, வளையம் இல்லை. அது பெரும்பாலும் வெளிமூலத்தில் ரத்தம் உறைந்த கட்டி. கோட்டுக்குக் கீழே என்பதால் இப்படி வலிக்கிறது. முதல் 72 மணிநேரத்துக்குள் போனால் மரப்பு ஊசி போட்டு எடுத்துவிடலாம், வலி உடனே குறையும். அதைத் தாண்டினால் தானாகவே கரையவிட்டு, வெந்நீரும் வலி மாத்திரையும் தருவோம். நாளைக் காலை ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் அறுவை ஓபிக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ போய்விடுங்கள். நீங்களே ஊசியால் குத்தாதீர்கள்.


தக்கலை வண்டிக்காரன்
மார்ச் 20, இரவு 9.15

என்ன ஆனது என்று எழுதுகிறேன். வளையம்தான் போட்டேன். முதல் தடவை இரண்டு முளைக்கு. அக்கா எழுதியதைப் படித்துவிட்டுப் போனதால் அந்த "டக்" சத்தத்துக்காகக் காத்திருந்தேன், அப்படியே கேட்டது. வலி இல்லை. கனமாக மட்டும் இருந்தது, முக்கவில்லை. இரண்டு வாரம் வண்டியை மைத்துனனிடம் கொடுத்தேன். எட்டாம் நாள் இரண்டு கரண்டி அளவு ரத்தம், பயப்படவில்லை, தானாக நின்றது. நேற்று இரண்டாம் தடவை, மிச்சம் இருந்த ஒன்றுக்கு. இப்போது விரலால் தள்ளும் வேலை இல்லை. ஒன்பது வருடத்துக்குப் பிறகு பீங்கான் வெள்ளையாக இருக்கிறது என்று தினமும் காலையில் பார்க்கிறேன்.

ஆனால் எழுத வந்தது வேறு. என் ஹீமோகுளோபின் 10ஆகக் குறைந்திருக்கிறது என்று தெரிந்து வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா அடுக்களையில் இருந்து "எனக்கும் ரத்தம் போகும், அது பிரசவத்தில் வந்த மூலம்தானே" என்று சொன்னார்கள். நான் அப்படியே நின்றுவிட்டேன். அம்மாவுக்கு 68 வயது. முப்பது வருடம் அண்டியாபீஸில் (முந்திரித் தொழிற்சாலையில்) குத்தவைத்திருந்து கொட்டை உடைத்தவர்கள். எத்தனை வருடமாகப் போகிறது என்று கேட்டால் "கணக்கு வைத்தேனா" என்கிறார்கள். கண்ணின் கீழ் இமையை விரித்துப் பார்த்தேன், வெளுத்துக் கிடந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வயசு என்று நினைத்திருந்தேன். டெஸ்டில் 7.4. என்னைப் பார்த்த டாக்டரிடமே கூட்டிப்போனேன். குழாய் விட்டுப் பார்த்துவிட்டு "சின்ன மூலம்தான் இருக்கிறது, இவ்வளவு ரத்தம் குறைய இது காரணமாக இருக்காது, கொலனோஸ்கோப்பி பார்க்கவேண்டும்" என்றார். கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடல் முழுக்கப் பார்ப்பதாம். இரும்பு மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். அம்மா வரமாட்டேன் என்கிறார்கள். என்ன சொல்லிக் கூட்டிப்போவது?


மார்த்தாண்டம் அக்கா
மார்ச் 21, காலை 5.50

மக்களே, அந்த டாக்டர் சரியான ஆள். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ரத்தம் போனால், மூலம் கண்ணுக்குத் தெரிந்தாலும் குடலைப் பார்க்காமல் விடக்கூடாது. மூலமும் இருக்கும், மேலே வேறு ஒன்றும் இருக்கும், இரண்டையும் ஒரே ஆளிடம் பார்த்திருக்கிறேன். மலத்தோடு கலந்து வருகிறதா, கறுப்பாகப் போகிறதா, எடை குறைந்ததா, திடீரென்று மலச்சிக்கலும் வயிற்றுப்போக்கும் மாறி மாறி வருகிறதா என்று அம்மாவிடம் மனைவியைக் கேட்கச் சொல்லுங்கள். மகனிடம் சொல்லாததை மருமகளிடம் சொல்வார்கள்.

கூட்டிப்போக ஒன்று சொல்லிப் பாருங்கள். லேசாக மயக்கிவிட்டுத்தான் செய்வார்கள், பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, அரைமணி நேரம்தான், அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். எங்கள் வார்டுக்கு வந்த பாட்டிகளுக்குப் பரிசோதனையை விட முந்தின ராத்திரி குடிக்கும் மருந்துதான் கஷ்டம். பொடியைக் கலக்கி லிட்டர் கணக்கில் குடிக்கவேண்டும். குளிரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் ஒக்கானம் வராது. பரிசோதனைக்கு முந்தின நாள் சாப்பாட்டுக்குப் பதில் இளநீர், பால் சேர்க்காத கட்டன்சாயா, வடிகட்டிய தெளிந்த கஞ்சித்தண்ணீர் கொடுக்கலாம். சிவப்பு நிறத்தில் எதுவும் வேண்டாம், உள்ளே ரத்தம் மாதிரி தெரியும். ராத்திரி முழுக்க கக்கூஸுக்கு நடப்பார்கள், விளக்கைப் போட்டு வையுங்கள், தரையில் ஈரம் இருக்கவிடாதீர்கள்.

இரும்பு மாத்திரையைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். குடல் சுவரில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு பார்வையை மறைக்கும், பொதுவாகச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். 7.4 என்பதால் நிறுத்துவதா, அதற்குமுன் ரத்தம் ஏற்றுவதா என்பதை டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும்.


தக்கலை வண்டிக்காரன்
ஏப்ரல் 3, இரவு 8.30

அக்கா, ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றியபிறகு நேற்று செய்தார்கள். மனைவிதான் பேசிச் சம்மதிக்கவைத்தாள். வலது பக்கப் பெருங்குடலில் இரண்டு சென்டிமீட்டர் அளவில் ஒரு பாலிப், அதாவது சதை வளர்ச்சி, இருந்திருக்கிறது. அப்போதே சுருக்குப் போட்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். மற்ற இடம் சுத்தமாக இருக்கிறதாம். எழுந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி "பால் சாயா குடிக்கலாமா" என்பதுதான். வாங்கிக் கொடுத்தேன்.

ரிப்போர்ட் செவ்வாய்க்கிழமை வரும். வந்ததும் எழுதுகிறேன்.